ஆண்ட்ரூ ஜாக்சன்

ஆண்ட்ரூ ஜாக்சன் (மார்ச் 15, 1767 – ஜூன் 8, 1845) ஐக்கிய அமெரிக்காவின் ஏழாவது குடியரசுத் தலைவர் ஆவார். இவர் 1829 முதல் 1837 வரை பதவி வகித்தார். இவருக்கு முன்னிருந்த அறுவரும் வர்ஜீனியா, மாசச்சூசெட்ஸ் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். இளமையிலேயே பெற்றோரை இழந்த ஜாக்சன், மேற்கிலிருந்த டென்னசியில் வழக்கறிஞராகவும் படைத்தலைவராகவும் உயர்ந்தார்.

1824 தேர்தல்

இத்தேர்தலில் 99 தேர்வாளர் வாக்குகளுடன் முதலிடம் பெற்றும், தேவையான 131 வாக்குகள் இவருக்குக் கிட்டவில்லை. எனவே முடிவு கீழவைக்குச் சென்றது. அவைத்தலைவர் ஹென்றி கிளேயின் ஆதரவுடன் ஜான் குவின்சி ஆடம்ஸ் தேர்வானார். பின்னர் கிளே வெளியுறவுச் செயலரானார். ஜாக்சன் தரப்பினர் இதனை ஊழல் பேரம் எனக் கண்டித்தனர். 1828 தேர்தலில் ஜாக்சன் ஆடம்சைத் தோற்கடித்தார்.

வங்கிப் போர்

அமெரிக்காவின் இரண்டாம் வங்கி செல்வர்களுக்கே துணைபோவதாகக் கருதிய ஜாக்சன், அதன் உரிமத்தை நீட்டிக்கும் சட்டமூலத்தை 1832 இல் நிராகரித்தார். அரசுப் பணத்தை அவ்வங்கியிலிருந்து அகற்ற மறுத்த நிதிச் செயலர் வில்லியம் டுவேனை 1833 இல் பதவி நீக்கினார். 1834 இல் மேலவை இவர்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. இவரது ஆதரவாளர்கள் பெரும்பான்மை பெற்றபின், 1837 இல் அத்தீர்மானம் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

விமர்சனம்

எளிய மக்களின் தலைவராகப் போற்றப்பட்ட ஜாக்சன், அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். இவர் 1830 இல் கையொப்பமிட்ட சட்டத்தின் விளைவாகப் பல்லாயிரம் பழங்குடியினர் தம் நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.