சிறுவர்களின் நாடக வாத்தியார்

பீன்யாவில் ஷிப்டு முடிந்து வந்து பிள்ளைகளின் பாட்டு நாடக ஒத்திகையைப் பார்க்கும் அன்பர்கள் அறிய வேண்டிய பெயர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். எமனாகவும் சனீஸ்வரனாகவும் மேடையில் மிரட்டியவர், பின்னர் வேடத்தை விட்டு வாத்தியாரானார்.

பெரிய நடிகர்கள் பாடத்தை விட்டுவிட்டு வாய்க்கு வந்தபடி தர்க்கம் செய்வது அவருக்குப் பொறுக்கவில்லை. சிறுவர்கள் சொல்லிக் கொடுத்ததைச் சொல்வார்கள் அல்லவா! 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஆறு வயது டி.கே. சண்முகமும் சேர்ந்தார். அவருக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தாராம்.

வரிவரியாகப் பாடம் சொன்ன வாயை 1921-ல் பக்கவாதம் அடைத்துவிட்டது. குடும்பம் இல்லாத அவர் பிள்ளைகளோடே இருந்தார். 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். சண்முகம் சகோதரர்கள் 1925-ல் தனிச் சபை கண்டார்கள்.