டி. ஏ. மதுரம் அம்மையார்

தமிழ்த்தின நாடகத்துக்கு ஆள் தெரிவு செய்யும் நாளில் நம் கல்லூரியில் எல்லோருக்கும் அரசகுமாரி வேடம்தான் வேண்டும். வேலைக்காரி வேடம் கிடைத்து, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. சபையைச் சிரிக்கவைப்பவள்தான் கெட்டிக்காரி என்று சொல்லி, அன்று அம்மம்மா எனக்கு மதுரத்தின் கதையைச் சொன்னார்.

மதுரம் 1918 இல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். 1935 இல் 'இரத்னாவளி' படத்தில் நடித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் பூனாவுக்குப் போன இடத்தில் என். எஸ். கிருஷ்ணனைச் சந்தித்து, அங்கேயே அவரை மணந்தார். அவர் ஏற்கெனவே மணமானவர் என்பது மதுரத்துக்குப் பின்னர்தான் தெரிந்தது. கலைவாணரைப் போற்றுவோர் இதை வேடிக்கைக் கதையாகவே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் திரையில் அந்தச் சோடிக்கு ஈடில்லை. 'அம்பிகாபதி' தொடங்கிப் பல படங்களில் இருவரும் தாமே பாடி நடித்தார்கள். கணவன் ஒன்று சொன்னால் மனைவி இரண்டு கேட்பாள். தோற்று நிற்பது பெரும்பாலும் அவன்தான். அமெரிக்காவில் லூசில் பால் தம் கணவர் டெசி ஆர்னாஸுடன் தொலைக்காட்சியில் இப்படிச் சிரிக்கவைக்கத் தொடங்கியது 1951 இல்தான்.

இங்கே நம் துறைமுகம் போர்க்கப்பல்களால் நிறைந்திருந்த 1944 இன் இறுதியில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் கிருஷ்ணனும் தியாகராஜ பாகவதரும் சென்னையில் கைதானார்கள். 1945 இல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்று, லண்டன் பிரிவுக் கவுன்சில்வரை போய், மறுவிசாரணைக்குத் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். வாதாடிய வி. எல். எதிராஜ் மறு ஆண்டே சென்னையில் பெண்களுக்கு ஒரு கல்லூரி தொடங்கினார் என்பது நமக்கு உவப்பான செய்தி.

இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டும் மதுரத்தினுடையவை. வழக்குச் செலவு ஒருபுறம், நாடகக் குழுவை நம்பியிருந்தவர்களின் சாப்பாடு மறுபுறம். எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு குழுவைக் கலையவிடாமல் காத்தார். அவர்களின் நாடகமான 'பைத்தியக்காரன்' படமாகவும் எடுக்கப்பட்டது. மதுரத்துக்கு அதில் இரட்டை வேடம். கணவர் விடுதலையாகி வந்ததும் அவருக்கும் ஒரு பாத்திரம் சேர்த்தார்கள்.

கணவனோ மகனோ உள்ளே இருக்க, சட்டத்தரணி வீட்டுக்கும் முகாம் வாசலுக்குமாக நடந்த பெண்களை நம் ஊரில் காணாதவர் யார்? அவர்களில் சிலர் இன்றும் என் சிகிச்சை அறைக்கு வருகிறார்கள், முழங்கால் நோவோடும் பழைய பகிடிகளோடும். மதுரமோ அந்த நாள்களில் மாலையானால் மேடையேறிச் சிரிக்கவைக்கவும் வேண்டியிருந்தது.

கிருஷ்ணன் 1957 இல் மறைந்தார். அதன்பின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து, 1974 இல் மதுரம் காலமானார். 'பைத்தியக்காரன்' கிடைத்தால் பாருங்கள், முக்கியமாக வேலைக்காரி வேடம் கட்டியவர்கள்.