ஆல்ஃபிரட் லோட்கா

ஆல்ஃபிரட் ஜேம்ஸ் லோட்கா (மார்ச் 2, 1880 – டிசம்பர் 5, 1949) ஓர் அமெரிக்க வேதியியலாளரும் கணிதவியலாளரும் புள்ளியியலாளரும் ஆவார். ஒன்றோடொன்று பிணைந்த வேதிவினைகளின் தொகுதி தணியாமல் அலைவுறக்கூடும் என்பதைக் கணித வழியில் காட்டியவர் இவர்.

வாழ்க்கைக் குறிப்பு

லோட்கா, அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் இருந்த லெம்பர்க் நகரில் (இன்றைய உக்ரைனின் லிவீவ்) பிறந்தார். 1901இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, லைப்சிக்கில் ஓராண்டு பயின்ற பின் 1902இல் அமெரிக்காவில் குடியேறினார். அங்கு வேதித் தொழில் நிறுவனம், காப்புரிமை அலுவலகம், அறிவியல் இதழ் எனப் பல இடங்களில் பணியாற்றினார். 1924இல் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். இவரது ஆய்வுகளில் பெரும்பகுதி பல்கலைக்கழகப் பதவி ஏதுமின்றிச் செய்யப்பட்டதாகும்.

வேதிவினைகளின் கணிதம்

வெம்பக்கோட்டை, சிவகாசிப் பகுதிகளில் செய்யப்படும் பட்டாசு எரியும்போது, வினையில் வெளிப்படும் வெப்பமே வினையை மேலும் விரைவாக்குகிறது. வெப்பத்திற்குப் பதிலாக வினையின் விளைபொருளே வினையை விரைவாக்கினால் அது தன்வினையூக்கம் எனப்படும். லோட்கா 1910இல் இத்தகைய தொகுதியில் தணியும் அலைவுகளையும், 1920இல் பின்வரும் தொகுதியில் தணியா அலைவுகளையும் கண்டார்:

அ + க → 2க
க + ச → 2ச
ச → ஞ

இங்கு அ மாறா அளவில் உள்ள மூலப்பொருள். ஞ இறுதி விளைபொருள். குல்பர்க், வாகே ஆகியோரின் நிறைதாக்க விதிப்படி வினைவேகங்களை எழுதினால், இரண்டு வகைக்கெழுச் சமன்பாடுகள் கிடைக்கும். க பெருகினால் ச பெருகும். ச பெருகினால் க குறையும். க குறைந்தபின் ச-வும் குறைய, க மீண்டும் பெருகும். தாவரங்களையும் அவற்றை உண்ணும் விலங்குகளையும் இதே சமன்பாடுகளால் லோட்கா விளக்கினார். 1926இல் இத்தாலியக் கணிதவியலாளர் விட்டோ வோல்ட்டெரா மீன்களின் எண்ணிக்கையை ஆராய்ந்து, தனித்து இதே முடிவை அடைந்தார். எனவே இவை லோட்கா–வோல்ட்டெரா சமன்பாடுகள் எனப்படுகின்றன.

தாக்கம்

இத்தொகுதியின் அலைவு வீச்சு தொடக்க அளவுகளைச் சார்ந்தது. சிறு இடையூறும் அதை மாற்றிவிடும். ஆகவே இது உண்மையான வேதி அலைவுகளுக்கு நேரடி மாதிரி அன்று. அத்தகைய அலைவுகளைப் பல வேதியியலாளர்கள் நெடுங்காலம் ஏற்கவில்லை. 1950களில் சோவியத் அறிஞர் பெலூசோவ் கண்ட அலைவுறு வினையை ஆய்விதழ்கள் மறுத்தன. 1960களில் ஷபோட்டின்ஸ்கியின் ஆய்வுகளுக்குப் பின்னரே அது ஏற்கப்பட்டது.

1972இல் ஹார்ன், ஜாக்சன், ஃபைன்பெர்க் ஆகியோர், வினைவேக மாறிலிகளை அறியாமலே வினைத்தொகுதியின் அமைப்பை மட்டும் கொண்டு அதன் நடத்தையைக் கணிக்கும் கோட்பாட்டை உருவாக்கினர். இதன்படி ஒரு தொகுதியின் 'குறைவு எண்' சுழியமானால் தணியா அலைவு தோன்றாது. மாறா அளவுள்ள அ, ஞ ஆகியவற்றை நீக்கினால், லோட்காவின் தொகுதியில் அம்புக்குறிகளின் இரு முனைகளிலும் 6 கூட்டுகள் உள்ளன. இணைந்த பகுதிகள் 3. சாரா வினைத்திசைகள் 2. எனவே குறைவு எண் 6 − 3 − 2 = 1; அலைவு தடைபடவில்லை.

இறுதிக் காலம்

லோட்கா 1942இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் தலைவராக இருந்தார். பெலூசோவ் தமது கண்டுபிடிப்பை எழுதுவதற்கு முன்பே, 1949இல் நியூ ஜெர்சியில் காலமானார்.