டிராக்டரைப் பார்க்காமலே போன டீசல்

கிணற்றடியில் ஆயில் இன்ஜின் வைத்திருப்பவரும் சரி, டிராக்டர் ஓட்டுபவரும் சரி, தினமும் சொல்லும் பெயர் டீசல். அது ஒரு மனிதரின் பெயர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தன்னுடைய இன்ஜின் ஒரு டிராக்டரில் ஓடுவதை அவர் பார்த்ததே இல்லை என்பது அவ்வளவாகத் தெரியாது.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. குடும்பம் லண்டனுக்குப் போக நேர்ந்தது. 12 வயது ருடால்ஃபை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பின்னர் மியூனிக்கில் பொறியியல் படித்தார்.

படிக்கும்போதே ஒரு கணக்கு அவரை உறுத்தியது. அன்றைய நீராவி இன்ஜினில் 100 கிலோ நிலக்கரியைப் போட்டால், 10 கிலோ அளவுக்குக்கூட வேலை கிடைக்காது. மீதி வெப்பமெல்லாம் வீண். இதற்கு அவர் கண்ட வழியை நீங்கள் கையாலேயே உணர்ந்திருப்பீர்கள். சைக்கிளுக்கு வேகமாகக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் சூடேறும். மிக அதிகமாக அழுத்திவிட்டு அதற்குள் எண்ணெயைப் பீய்ச்சினால், தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவுக்கு எரிபொருள் மிச்சம்.

1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் பணம் போட்டன. 1893 ஆகஸ்டில் முதல் சோதனையின்போது அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. ருடால்ஃப் மயிரிழையில் தப்பினார். அடுத்த பிப்ரவரியில் இன்ஜின் ஒரு நிமிடம்தான் தானாக ஓடியது. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதை அளந்து பார்த்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26 விழுக்காடு வேலையாக மாறியிருந்தது. நீராவி இன்ஜினைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்!

இதைக் கேட்டதும் கம்பெனிகள் உரிமம் வாங்க ஓடிவந்தன. என் பார்வையில் தவறு நடந்தது இங்கேதான். சோதனைக்கூடத்தில் ஓடிய இன்ஜின், ஆலையில் நாள் முழுக்க ஓடப் பக்குவப்பட்டிருக்கவில்லை. அதற்குள் விற்றார்கள். அவை அடிக்கடி நின்றன, வாங்கியவர்கள் நம்பிக்கை இழந்தார்கள். பரிசோதிக்காத விதையை ஊர் முழுக்கக் கொடுத்த கதைதான்.

இன்னொரு சிக்கல் எடை. எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ள அழுத்திய காற்று தேவைப்பட்டது. அதற்காக ஒரு கம்ப்ரஸரும் கூடவே ஓட வேண்டும். 1897-ல் சோதித்த இன்ஜினின் உயரமே 10 அடி. தந்ததோ சுமார் 20 குதிரைத்திறன். ஆலையிலும் கப்பலிலும் வைக்கலாம், காரில் எப்படி வைப்பது? பெட்ரோல் இன்ஜின் இலகுவாகக் கிடைத்தபோது, கார்க் கம்பெனிகள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்வதில் பாதி நியாயம்தான் உண்டு.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பின்னாளில் ருடால்ஃபும் தாவர எண்ணெய்களில் ஆர்வம் காட்டினார். இதைப் படித்துவிட்டு உங்கள் இன்ஜினில் கடலெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அது கெட்டியான எண்ணெய், இன்றைய நாசிலில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும்.

பெயர் உலகெங்கும் பரவியபோதும் ருடால்ஃபின் கையில் பணம் நிற்கவில்லை, கடன்தான் ஏறியது. 1913 செப்டம்பர் 29 இரவு, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். காலையில் அவருடைய அறையில் ஆள் இல்லை. சில நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஓர் உடலைக் கண்டார்கள். பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். பொருட்களை அவருடைய மகன் அடையாளம் காட்டினார். தானே குதித்தாரா, வேறு ஏதேனும் நடந்ததா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. வயது 55.

1920-களில்தான் ஜெர்மனியில் டீசல் டிராக்டர் வயலில் இறங்கியது. கம்ப்ரஸர் இல்லாமலே எண்ணெயைப் பீய்ச்சும் பம்பை பாஷ் நிறுவனம் 1927-ல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பிறகே எடைச் சிக்கல் தீர்ந்தது. அமெரிக்காவின் கேட்டர்பில்லர் 1931-ல் டீசல் டிராக்டரைக் கொண்டுவந்தது. மெர்சிடிஸ் பென்ஸின் டீசல் கார் 1936-ல் வந்தது. ஷ்ரோட்டர் 26 விழுக்காடு என்று அளந்து சொல்லி அப்போது 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த பாஷ் பம்பின் வாரிசுதான் உங்கள் இன்ஜினிலும் இருக்கிறது. வழக்கமான சுமையிலேயே கரும்புகை கக்கினால், முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் நாசிலை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புகையாகப் போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல்.