பிரசங்க மேடையை விட்டு மைதானத்துக்குச் சென்றவர்

ஆலய ஜூபிலி மலரில் பந்தாட்டக்காரர் ஒருவருக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வேத போதகராக வேண்டுமென்று புறப்பட்டு, அது கைகூடாமல் போய், எழுபது ஆண்டுகள் இளைஞரைப் பழக்கியவரின் வரலாறு இது. அவர் கத்தோலிக்கர் அல்லர், பிரெஸ்பிட்டீரியன் சபையினர். ஆயினும் அழைத்தலைப் பற்றி அடிக்கடி பேசும் நாம் அவரை அறிந்திருப்பது நன்று.

ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் 1862 ஆகஸ்டு 16-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாமவர். வறுமையோடு போராடிப் படித்து, 22-ஆம் வயதில்தான் யேல் பல்கலைக்கழகத்துள் காலடி வைத்தார். அங்கே பேஸ்பால் அணியில் பந்தெறிவதில் பெரும்பெயர் பெற்றார். பணத்துக்கு ஆடும் சங்கங்கள் நல்ல சம்பளம் தருவதாகக் கூப்பிட்டன. ஏழை வீட்டுப் பிள்ளை, ஆனாலும் மறுத்துவிட்டார். போதகராவதே அவருடைய எண்ணம்.

பட்டம் பெற்றபின் யேலிலேயே மறையியல் படித்தார். அப்போதுதான் ஒரு குறை தெரிந்தது. கூட்டத்தின் முன் நின்று பேச அவருக்கு நா எழவில்லை. தமக்குப் பிரசங்க வரம் இல்லை என்று தாமே கண்டுகொண்டு படிப்பை விட்டார். எத்தனை வருத்தம் இருந்திருக்கும்! ஆனால் இளைஞரை நல்வழிப்படுத்த மேடைதான் வேண்டுமா, மைதானம் போதாதா என்று எண்ணினார். 1890-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு மக்கள் முன்னிலையில் நடந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர் அணிக்குக் கிடைத்த ஒரே புள்ளி ஸ்டாக் போட்டது.

1892-இல், யேலில் தமக்கு ஆசிரியராயிருந்த வில்லியம் ஹார்ப்பர் புதிதாகத் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சித் துறையை ஏற்றார். அமெரிக்கக் கால்பந்து நம்மூர்க் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுபவரைப் பிடித்துத் தள்ளுவதுமே அதில் பெரும்பகுதி. அதில் 41 பருவங்களும், பேஸ்பாலில் ஏறத்தாழ இருபது பருவங்களும் அவரே பயிற்சி தந்தார். 1905-இல், 56 ஆட்டங்கள் தோல்வி காணாதிருந்த மிச்சிகன் அணியை 2–0 என வென்றார்கள். அதே ஆண்டு, ஆட்டக்காரருக்குச் சலுகை காட்டும் பல்கலைக்கழகங்களில் சிகாகோவும் ஒன்று என்று ஒரு வார இதழ் குறை கூறியதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. குடி, புகை இரண்டையும் அறியாத அவர், கோபம் வந்தால் ஆட்டக்காரரைக் கழுதை என்பார். அதற்கு மேல் வசைச்சொல் இல்லை.

மனைவி ஸ்டெல்லாவையும் சொல்லாமலிருக்க முடியாது. குறிப்பேட்டோடு பார்வையாளர் வரிசையில் அமர்ந்து, எதிரணியின் ஆட்ட முறைகளை வரைந்து கொடுப்பார். ஸ்டாக்கிடம் பயின்ற ஜெஸ்ஸி ஹார்ப்பர் 1913-இல் நோத்ர தாம் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரானார். அவர் பழக்கிய மாணவரே புகழ்பெற்ற நூட் ராக்னி. இப்படி அவர் கைச்சரக்கு நம் திருச்சபைக் கலாசாலைக்கும் வந்து சேர்ந்தது.

எழுபது வயதானதும் விதிப்படி ஓய்வுபெறச் சொன்னார்கள். வேறொரு பதவி தருவதாகவும் சொன்னார்கள். பயிற்சி தராத பதவி தமக்கு வேண்டாமென்று, 1933-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகருக்குப் போய், பசிபிக் கல்லூரியில் புதிதாகத் தொடங்கினார். பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய வயதில் மூட்டைகட்டி நாட்டின் மறுகோடிக்குப் போவது சிறு காரியமா? 1943-இல், 81-ஆம் வயதில், சக பயிற்சியாளர்கள் அவரையே அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

1946-இல் அங்கிருந்தும் விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு பென்சில்வேனியாவில் மகனோடு சேர்ந்து சஸ்குஹானா பல்கலைக்கழக அணியைப் பழக்கத் தொடங்கி, 1952 வரை அங்கிருந்தார். பின்னர் ஸ்டாக்டனுக்குத் திரும்பி, ஒரு சிறு கல்லூரியில் பந்தை உதைக்கும் வித்தையை மட்டும் கற்பித்து வந்தார். 1960-இல் அதையும் விட்டபோது வயது 98. ஸ்டெல்லா 1964-இல் காலமானார். அவரும் 1965 மார்ச் 17 அன்று, 102-ஆம் வயதில், ஸ்டாக்டனிலேயே கண்மூடினார்.