வேலூர் ஜெயிலில் இருந்து தப்பியவர், சர்க்காரையே கோர்ட்டுக்கு இழுத்தார்!

வேலூர் ஜெயிலில் எத்தனையோ தலைவர்கள் இருந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அங்கிருந்து தப்பி ஓடியவர். அதே ஆள் பின்னால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். அவர்தான் ஏ.கே.ஜி. என்ற ஏ.கே.கோபாலன்.

வாத்தியார்

1904-ம் ஆண்டு கண்ணூர் பக்கம் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தார். காங்கிரசில் சேர்ந்தார். 1931-ல் எல்லா ஜாதியினரையும் குருவாயூர் கோவிலுக்குள் விடவேண்டும் என்று நடந்த சத்தியாகிரகத்தில் தொண்டர் படைத் தலைவராக நின்று அடி வாங்கினார். பிறகு கம்யூனிஸ்டு ஆனார்.

தப்பினார்

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் வெள்ளைக்கார சர்க்கார் அவரை வேலூர் ஜெயிலில் அடைத்தது. 1941 செப்டம்பரில் தப்பினார். போலீசார் வலைவீசித் தேடினார்கள். தலைமறைவாகவே கட்சி வேலை பார்த்தார்.

1947 ஆகஸ்டு 15 அன்று ஊரெல்லாம் கொடியேற்றியபோதும் அவர் உள்ளேதான். அப்புறம் விட்டார்கள். டிசம்பரில் திரும்பவும் பிடித்தார்கள்.

வாய்ப்பூட்டு

1950-ல் அரசியல் சட்டம் வந்தது. அடுத்த மாதமே தடுப்புக்காவல் சட்டமும் வந்தது. மார்ச் 1-ந்தேதி, ஜெயிலில் இருந்தவர் கையிலேயே புதுச் சட்டப்படி உத்தரவைக் கொடுத்தார்கள். விசாரணை கிடையாது. உள்ளேயே கிடக்கணும்.

அதில் ஒரு கொடுமை என்ன தெரியுமா? எதற்காகப் பிடித்தோம் என்று சர்க்கார் எழுதிக்கொடுக்கும் காரணத்தைக் கைதி கோர்ட்டில்கூட வெளியிடக்கூடாது. மீறினால் தண்டனை!

ஏ.கே.ஜி. சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வக்கீல் எம்.கே.நம்பியார் வாதாடினார். 6 நீதிபதிகள் விசாரித்து மே 19-ந்தேதி தீர்ப்பு கூறினார்கள். விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாய்ப்பூட்டுப் பிரிவு செல்லாது என்று ரத்தானது.

அவரை விடவேண்டும் என்று அன்று மாறுபட்டுச் சொன்ன நீதிபதி பசல் அலியின் கருத்துக்குப் பின்னால் மதிப்பு வந்தது. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் முறை நியாயமாக இருக்கவேண்டும் என்று 1978-ல் மேனகா காந்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

அதைப் பார்க்க ஏ.கே.ஜி. இல்லை. 1952 முதல் 5 தடவை எம்.பி. ஆனவர், 1977 மார்ச் 22-ந்தேதி காலமானார். நெருக்கடி நிலை வாபஸ் ஆன மறுநாள்!

நமக்கு என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்கள் கவனிக்கவேண்டியது இதுதான். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற பையனைப் போலீசார் கைது செய்தால், ஏன் என்று சொல்லியாகணும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தணும். பயண நேரம் மட்டும் அதில் சேராது.

குண்டர் சட்டம் என்றால் இந்த 24 மணி நேரக் கணக்கு இல்லை. ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஆனால் அதிலும் 5 நாளுக்குள் காரணத்தைக் கொடுக்கணும். கொடுக்காவிட்டால் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம். காவலில் இருப்பவருக்கு வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? கோர்ட்டில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைக்கும்.

ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு நிற்பதை விட, எதற்காகப் பிடித்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.