மொலோக்காய் தமியான்

தமியான் தெ வூஸ்டர் (சனவரி 3, 1840 – ஏப்ரல் 15, 1889) பெல்சியம் நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவும் மறைப்பணியாளரும் ஆவார். பசிபிக் பெருங்கடலில் அமைந்திருந்த ஹவாய் இராச்சியத்தின் மொலோக்காய் தீவில், அரசுச் சட்டத்தால் குடும்பத்தினரிடமிருந்து பிரிக்கப்பட்டு ஒதுக்கி வைக்கப்பட்ட தொழுநோயாளரிடையே ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றினார். அந்நோய் தம்மைப் பற்றிய பின்னும் பணியைக் கைவிடாது, தமது 49 ஆம் வயதில் அங்கேயே இறந்தார். 2009 ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை இவரைப் புனிதராக அறிவித்தது. தந்தை தமியான், மொலோக்காய் தமியான் ஆகிய பெயர்களால் இவர் பரவலாக அறியப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

இவரது இயற்பெயர் யோசேப்பு தெ வூஸ்டர். பெல்சியத்தின் பிளமிய மொழி பேசும் பகுதியில் உள்ள திரெமெலோ என்னும் சிற்றூரில், தானிய வணிகம் செய்த குடும்பத்தில் ஏழாவது குழந்தையாகப் பிறந்தார். தந்தையின் வணிகத்தை இவரே ஏற்று நடத்துவார் என்று குடும்பத்தினர் எதிர்பார்த்தனர். அதற்குத் தேவையான பிரெஞ்சு மொழியைக் கற்க வேறு ஊருக்கும் அனுப்பப்பட்டார். பண்ணை வேலையும் தச்சு வேலையும் நன்கு பழகிய உடல்வலிமை மிக்க இளைஞராக வளர்ந்தார். இந்தக் கைத்தொழில் அறிவே பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

துறவற வாழ்வு

இவருடைய அண்ணன் ஏற்கனவே இயேசு மரியாயின் திரு இருதயங்கள் சபையில் சேர்ந்து பாம்பில் என்ற துறவறப் பெயரைப் பெற்றிருந்தார். 1859 ஆம் ஆண்டில் யோசேப்பும் லூவென் நகரில் இருந்த அச்சபையின் இல்லத்தில் சேர்ந்தார். பழங்காலத்தில் கட்டணம் பெறாது மருத்துவம் செய்தவராகக் கிறித்தவ மரபு போற்றும் புனித தமியானின் பெயரை இவர் ஏற்றார். முறையான கல்வி போதாது என்று கருதிய சபைத் தலைவர்கள், இவர் குருவாவதற்குத் தகுதியற்றவர் என முதலில் முடிவு செய்தனர். அண்ணனிடம் இலத்தீன் மொழியை விரைவாகக் கற்றுத் தேர்ந்ததால் அம்முடிவு மாற்றப்பட்டது. 1860 ஆம் ஆண்டு அக்டோபர் 7 ஆம் நாள் பாரிசில் இறுதி வார்த்தைப்பாடு அளித்தார்.

1863 ஆம் ஆண்டில் ஹவாய் தீவுகளுக்குச் செல்லவிருந்த குழுவில் பாம்பில் இடம்பெற்றிருந்தார். அவர் காய்ச்சல் நோயில் விழவே, தாம் அவருக்குப் பதிலாகச் செல்ல அனுமதி வேண்டித் தமியான் பாரிசில் இருந்த தலைமை அதிபருக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். அனுமதி கிடைத்தது. அப்போது அவர் குருப்பட்டம் பெற்றிருக்கவில்லை.

ஹவாய் தீவில்

நீண்ட கடற்பயணத்திற்குப் பின் 1864 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆம் நாள் தமியான் ஹொனலுலு துறைமுகத்தை அடைந்தார். அதே ஆண்டு மே மாதம் அங்குள்ள அமைதியின் அன்னை பேராலயத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஹவாய்த் தீவின் பூனா பகுதியிலும், பின்னர் கோகலா, ஹாமாகுவா பகுதிகளிலுமாக ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். எரிமலைச் சரிவுகளிலும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் சிதறிக் கிடந்த சிற்றூர்களுக்கு நடந்தும் குதிரையிலும் சென்றார். ஹவாய் மொழியைக் கற்றதோடு, பல சிற்றாலயங்களைத் தம் கையாலேயே கட்டினார்.

தொழுநோயும் தனிமைப்படுத்தும் சட்டமும்

ஐரோப்பியரின் வருகைக்குப் பின் ஹவாய் மக்கள் தமக்கு முன்பின் அறிமுகமில்லாத பல தொற்றுநோய்களுக்கு ஆளாயினர். அவற்றுள் தொழுநோயும் ஒன்று. அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்து இல்லை. பரவலைத் தடுக்க 1865 ஆம் ஆண்டில் ஐந்தாம் கமேகமேகா மன்னரின் அரசு ஒரு சட்டம் இயற்றியது. இதன்படி நோய் கண்டவர்கள் கைது செய்யப்பட்டு, மொலோக்காய் தீவின் வடகரையில் உள்ள கலாவுபாபா மூவலந்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மூன்று புறமும் கடலும், நான்காம் புறம் செங்குத்தாக உயர்ந்த மலைச்சுவரும் சூழ்ந்த அவ்விடத்திலிருந்து தப்பிச் செல்வது அரிது. முதல் நோயாளர் குழு 1866 ஆம் ஆண்டு சனவரியில் அங்கு இறக்கப்பட்டது.

நோயாளர்கள் தமக்குத் தேவையான உணவைத் தாமே பயிரிட்டுக் கொள்வர் என்று அரசு எண்ணியது. ஆனால் அவர்களுள் பலர் உழைக்க இயலாத நிலையில் இருந்தனர். உணவு, நீர், உறைவிடம், மருத்துவம் ஆகிய அனைத்திலும் பற்றாக்குறை நிலவியது. எனினும் அங்கிருந்தோர் முற்றிலும் கைவிடப்பட்டவராக இருக்கவில்லை. கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ பிரிய மனமின்றி உடன் சென்ற உறவினர்களும் இருந்தனர். இத்தகைய துணைவர்கள் ஹவாய் மொழியில் கோகுவா எனப்பட்டனர். சீர்திருத்தக் கிறித்தவர்களான நோயாளர்கள் 1866 ஆம் ஆண்டிலேயே சிலோவாமா என்ற சபையை நிறுவி வழிபட்டு வந்தனர். மார்மன் சபையைச் சேர்ந்த யோனத்தான் நாபேலா, நோயுற்ற தம் மனைவியுடன் 1873 இல் அங்குச் சென்று குடியேறினார். பிற்காலத்தில் அவர் தமியானின் நண்பரானார்.

மொலோக்காய் செல்லுதல்

1873 ஆம் ஆண்டு மே மாதத்தில் மாவுயி தீவில் நடந்த ஓர் ஆலயத் திறப்பு விழாவில், குடியிருப்பில் வாழும் கத்தோலிக்கருக்கு நிலையான குரு இல்லை என்பதை ஆயர் லூயி மைக்ரே எடுத்துரைத்தார். நான்கு இளங்குருக்கள் முன்வந்தனர். ஒருவர் மாறி ஒருவர் சில மாதங்கள் தங்கிப் பணியாற்றுவது என்று ஏற்பாடாயிற்று. முதலில் சென்றவர் தமியான். அவர் 1873 மே 10 ஆம் நாள் அங்குக் கரையிறங்கினார். தங்க வீடில்லாமையால் முதல் சில வாரங்கள் ஆலயத்தின் அருகே நின்ற ஒரு தாழை மரத்தின் அடியில் உறங்கினார். விரைவிலேயே அங்கேயே நிலையாக இருக்க அனுமதி கேட்டு எழுதினார்.

தனிமைப்படுத்தும் விதிகள் தொடக்கத்தில் இவர் மீதும் கடுமையாகச் சுமத்தப்பட்டன. அக்காலத்தில் இவரது சபையின் மாநிலத் தலைவர் வந்த கப்பலில் ஏற இவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தமியான் தம் படகில் நின்றவாறே, கப்பலின் மேல்தளத்தில் நின்ற அவரிடம் உரத்த குரலில் பிரெஞ்சு மொழியில் பாவ அறிக்கை செய்தார்.

குடியிருப்பில் ஆற்றிய பணிகள்

தமியான் கலாவாவோ பகுதியில் இருந்த புனித பிலோமினா ஆலயத்தை விரிவுபடுத்தினார். எனினும் அவரது நாளின் பெரும்பகுதி ஆலயத்திற்கு வெளியிலேயே கழிந்தது. புண்களைக் கழுவிக் கட்டினார். அரசிடமிருந்து குழாய்களைப் பெற்று நோயாளர்களின் உதவியுடன் குடியிருப்புக்கு நீர் கொண்டு வந்தார். 1874 இல் வீசிய புயல் குடிசைகளை அழித்த பின், மரப்பலகை வீடுகள் கட்டுவதில் ஈடுபட்டார். பெற்றோரை இழந்த சிறுவர்களுக்கும் சிறுமியர்க்கும் இல்லங்கள் அமைத்தார். நோயாளர்களைக் கொண்டு பாடகர் குழுவும் இசைக்குழுவும் உருவாயின.

இறந்தோரை அடக்கம் செய்வது அவரது முதன்மையான பணிகளுள் ஒன்று. அவர் வருவதற்கு முன் பலர் சவப்பெட்டியின்றி ஆழமற்ற குழிகளில் புதைக்கப்பட்டனர். தமியான் தம் கையால் நூற்றுக்கணக்கான சவப்பெட்டிகளைச் செய்தார். கல்லறை நிலத்திற்கு வேலி அமைத்தார். இறுதி ஊர்வலங்களை மரியாதையுடன் நடத்தும் சங்கம் ஒன்றையும் ஏற்படுத்தினார். எவரும் பெயரற்றவராகப் புதைக்கப்படக் கூடாது என்பது இதன் நோக்கமாக இருந்தது.

நம்பிக்கையும் பரிவும்

தமியானின் பணியைத் தனித்துக் காட்டியது, அவர் நோயாளர்களிடமிருந்து இடைவெளி காக்க மறுத்தமை ஆகும். பண்டைய இசுரயேல் சட்டம் தொழுநோயாளரைக் குடியிருப்புக்கு வெளியே வாழச் சொன்னது. அத்தகைய ஒருவரை இயேசு கை நீட்டித் தொட்டுக் குணமாக்கினார் என நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. இந்நிகழ்வு கிறித்தவ மரபில் பரிவுக்குரிய முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. தமியான் அதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினார். நோயாளர்களுடன் ஒரே கலத்தில் கை விட்டுப் போய் எனப்படும் கிழங்குக் கூழை உண்டார். தம் புகைக்குழாயை அவர்களுடன் பகிர்ந்து கொண்டார். நோய் தம்மைப் பற்றுவதற்கு முன்பே, அவர்களையும் தம்மையும் ஒரே இனமாகச் சேர்த்துப் பேசுவதை வழக்கமாகக் கொண்டார்.

முதலில் நோயாளர்களின் புண்களிலிருந்து எழுந்த நாற்றத்தைத் தாங்குவதே அவருக்குக் கடினமாக இருந்தது. அதை மறைக்கவே புகைபிடிக்கத் தொடங்கினார். நாள்தோறும் நற்கருணையின் முன் செபித்த வேளையே தமக்கு இப்பணியைச் செய்ய வலிமை தந்ததாகத் தம் கடிதங்களில் எழுதியுள்ளார். தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை நார்வே நாட்டு மருத்துவர் கெரார்டு ஹான்சன் கண்டறிந்தது 1873 ஆம் ஆண்டில், அதாவது தமியான் மொலோக்காய் சென்ற அதே ஆண்டில் என்பது குறிப்பிடத்தக்கது.

கருத்து வேறுபாடுகள்

தமியான் இணங்கிப் போகும் இயல்பினர் அல்லர். பிடிவாதமும் முன்கோபமும் கொண்டவர் என்று அவருடன் பணியாற்றியவர்கள் குறிப்பிட்டுள்ளனர். மரக்கட்டை, மருந்து, துணி முதலியவற்றைக் கேட்டு நலவாழ்வு வாரியத்திற்கு இடைவிடாது எழுதியதால் அதிகாரிகள் சலிப்படைந்தனர். இங்கிலாந்தில் இருந்த ஆங்கிலிக்கன் குரு ஒருவர் திரட்டிய பெருந்தொகை நேரடியாகத் தமியானுக்கு அனுப்பப்பட்டபோது, அவர் விளம்பரம் தேடுவதாகச் சபை மேலதிகாரிகள் ஐயுற்றனர். உடன் வாழ ஒரு குரு வேண்டும் என்ற அவரது கோரிக்கையும் இறுதி ஆண்டுகளில் பலகாலம் நிறைவேறவில்லை. நோயை விடத் தனிமையே தம்மை வருத்தியதை அவரது கடிதங்கள் காட்டுகின்றன.

நோயும் இறுதி ஆண்டுகளும்

1884 ஆம் ஆண்டு டிசம்பரில் ஒருநாள் தமியான் தம் கால்களைக் கொதிநீரில் வைத்தபோது, தோல் வெந்தும் வலி தோன்றவில்லை. உணர்ச்சி அற்றுப்போவது தொழுநோயின் அறிகுறி என்பதை அவர் அறிந்திருந்தார். அடுத்த ஆண்டு மருத்துவர் எதுவர்து ஆர்னிங் நோயை உறுதி செய்தார். 1886 இல் ஹொனலுலுவில் சப்பானிய மருத்துவர் மசனாவோ கோட்டோவின் முறைப்படி சிகிச்சை பெற்றுவிட்டுத் திரும்பினார். அதன்பின் கட்டட வேலைகளில் முன்னிலும் விரைவு காட்டினார்.

இறுதிக் காலத்தில் உதவியாளர்கள் வந்து சேர்ந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற யோசேப்பு டட்டன் 1886 இல் வந்து, நாற்பதாண்டுகளுக்கு மேல் அங்குத் தொண்டாற்றினார். பெல்சியக் குரு கொன்ரார்டி, செவிலியர் யேம்சு சின்னெட் ஆகியோரும் வந்தனர். பிரான்சிசுகன் சபை அருட்சகோதரி மரியான் கோப், 1888 நவம்பரில் இரு சகோதரிகளுடன் கலாவுபாபா வந்து சிறுமியர்க்கான இல்லத்தை ஏற்றார். தாம் தொடங்கிய பணி தொடரும் என்ற உறுதியைப் பெற்ற தமியான், 1889 ஏப்ரல் 15 ஆம் நாள், புனித வாரத்தின் திங்கட்கிழமையன்று இறந்தார். முதன்முதலில் தமக்கு நிழல் தந்த தாழை மரத்தின் அடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைவுக்குப் பின் எழுந்த சர்ச்சை

உலக இதழ்கள் தமியானைப் புகழ்ந்து எழுதிய வேளையில், ஹொனலுலுவில் வாழ்ந்த சீர்திருத்தச் சபைப் போதகர் சார்லசு ஹைடு, தமியான் முரடர், தூய்மையற்றவர், ஒழுக்கக் குறைவால் நோயுற்றவர் எனத் தனிக் கடிதம் ஒன்றில் எழுதினார். அக்கடிதம் ஆத்திரேலிய இதழ் ஒன்றில் அச்சாயிற்று. இதைக் கண்டு சினமுற்றவர் எழுத்தாளர் ராபர்ட் லூயிசு சிட்டீவன்சன். இவரும் சீர்திருத்தச் சபை மரபில் வந்தவரே. தமியான் இறந்த அடுத்த மாதம் மொலோக்காயில் சில நாட்கள் தங்கி நோயாளர்களிடம் பேசியிருந்த சிட்டீவன்சன், 1890 இல் ஹைடுக்கு ஒரு திறந்த மடல் வெளியிட்டார். அதில் தமியானின் குறைகளை மறைக்காமல் ஏற்றுக்கொண்டார். ஆயினும் பிறர் வசதியாக ஒதுங்கியிருந்த இடத்தில் சென்று நின்றவர் அவரே என்று வாதிட்டார். ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டுக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. தொழுநோய் பாலுறவால் பரவுவது என்ற அக்கால எண்ணமும் பின்னர் தவறெனத் தெளிவாயிற்று.

தாக்கம்

தமியானின் மறைவை ஒட்டி இலண்டனில் தேசியத் தொழுநோய் நிதி நிறுவப்பட்டது. அதன் சார்பில் ஓர் ஆய்வுக்குழு 1890–1891 இல் இந்தியாவில் பயணம் செய்து நோய் பரவும் விதத்தை ஆராய்ந்தது. இவரது பெயரில் பெல்சியத்தில் அமைந்த தமியான் அறக்கட்டளை, தொழுநோய், காசநோய் ஒழிப்பில் பல நாடுகளில் பணியாற்றுகிறது. தமிழ்நாட்டில் போளம்பாக்கத்தில் 1955 இல் பெல்சிய மருத்துவர்கள் பிரான்சு ஹெமரிக்சு, கிளேர் வெல்லூ ஆகியோர் தொடங்கிய தொழுநோய் மையம், நோயாளரை ஊரிலிருந்து அகற்றாமல் மரத்தடிகளிலேயே மருத்துவம் அளிக்கும் முறையைக் கையாண்டது.

சல்போன் மருந்துகள் 1940களில் கலாவுபாபாவை அடைந்தன. தனிமைப்படுத்தும் விதி 1969 இல் நீக்கப்பட்டது. 1866 முதல் அதுவரை ஏறத்தாழ 8,000 பேர் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஹவாய்ப் பழங்குடி மக்கள். அப்பகுதி 1980 இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கப்பட்டது.

நினைவும் புனிதர் பட்டமும்

பெல்சிய அரசின் வேண்டுகோளுக்கிணங்க 1936 இல் தமியானின் உடல் லூவெனுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இதனால் மொலோக்காய் மக்கள் வருந்தினர். 1969 இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஹவாய் மாநிலத்தின் சார்பில் இவரது சிலை நிறுவப்பட்டது. நோயால் சிதைந்த முகத்துடனேயே அச்சிலை வடிக்கப்பட்டுள்ளது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 சூன் 4 ஆம் நாள் இவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009 அக்டோபர் 11 ஆம் நாள் புனிதராக அறிவித்தார். மரியான் கோப் 2012 இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். தமியானின் விழா, அவர் மொலோக்காயில் கரையிறங்கிய நாளான மே 10 அன்று கொண்டாடப்படுகிறது. புண்களுக்குக் கட்டுப்போட்ட அவரது வலக்கை மட்டும் 1995 இல் மொலோக்காய்க்குத் திருப்பி அளிக்கப்பட்டு, கலாவாவோவில் அவரது பழைய கல்லறையில் வைக்கப்பட்டுள்ளது.